வெள்ளவத்தைக் கடலில் பையனைக் காப்பாற்றிய ஆமிக்காரர்: பதக்கத்துக்குக் கடிதம் எழுதலாமா?

கடலோரவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். படைத்துறை விருது விடயங்கள் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு ஆலோசனை வேண்டும்.

அக்காவின் மகன், பதினாறு வயது. போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நண்பர்களோடு கடலில் இறங்கியிருக்கிறான். இடுப்பளவு தண்ணீரில் நின்றவனை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரையில் நின்ற பையன்கள் கத்த, தண்டவாள ஓரமாக நடந்து வந்த ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நீளக் காற்சட்டையோடு பாய்ந்திருக்கிறார். மருமகனைப் பின்னாலிருந்து பிடித்து, நேரே கரைக்கு வராமல் தெகிவளைப் பக்கமாகச் சரிந்து நீந்தி, கல் குறைந்த இடமாகப் பார்த்துக் கரையேற்றினாராம். அவருடைய முழங்காலும் ஒரு தோளும் கல்லில் உரசித் தோல் கழன்றுவிட்டது. பொலிஸ் வந்து விபரம் எழுதும்போதுதான் லீவில் வந்த ஆமிக்காரர் என்று தெரிந்தது. சிங்களவர்.

அவருடைய கட்டளை அதிகாரிக்குக் கடிதம் எழுத வேண்டும், பதக்கத்துக்குச் சிபாரிசு செய்யச் சொல்ல வேண்டும் என்கிறார் அக்கா. அத்தான் ஒரேயடியாக மறுக்கிறார். அவருடைய தம்பி 2009இல் காணாமல் போனவர். "பிள்ளையைக் காப்பாற்றிய அந்தத் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு என் கையால் சாப்பாடு போடுவேன். ஆமிக்குக் கடிதம் எழுதமாட்டேன்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு விளங்குகிறது, அதுதான் பிரச்சினை.

சண்டை இல்லாத நேரத்தில் செய்த காரியத்துக்குப் பதக்கம் உண்டா? குடும்பம் எழுதினால் அதற்கு ஏதும் பெறுமதி இருக்கிறதா?

கொட்டாஞ்சேனை_குமார்

முதலில் பையன் எப்படி? தண்ணீர் குடித்து வந்தவனை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. இருமல், மூச்சுத் திணறல் கொஞ்ச நேரம் கழித்தும் வரும்.

கடலோரவாசி

ஒரு இரவு வார்ட்டில் வைத்துப் பார்த்துத்தான் விட்டார்கள். இப்போது நலம். கிரிக்கெட் விளையாடுகிறான், கடல் பக்கம் மட்டும் போவதில்லை.

பழைய_புத்தகக்காரன்

உண்டு. இலங்கையில் வீரோதார விபூஷணய என்று ஒன்று இருக்கிறது. போர் நடவடிக்கை அல்லாத இடத்தில், தன்னுயிரைப் பணயம் வைத்து இன்னொருவரைக் காப்பாற்றிய படையினருக்கானது. நீரில் மூழ்குதல், தீ, சுரங்கம், வெள்ளம் எல்லாம் விதியிலேயே வருகின்றன. உங்கள் மருமகனின் விடயம் அதற்குள் அடங்கும். கிடைக்குமா என்பது வேறு கதை. போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம வீர விபூஷணயவைத் தெரியாத பத்திரிகை வாசகர் இல்லை, இதைக் கேள்விப்பட்டவர்கள் இந்த இழையிலேயே எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான். இந்தியாவில் அசோகச் சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌர்ய சக்கரம் மூன்றும் 1952இல் தொடங்கியவை, எதிரியின் முன்னால் அல்லாத வீரத்துக்கு. பிரித்தானியாவின் ஜோர்ஜ் குரொஸ் 1940இல் வந்தது. ஆனால் விதியை மிகத் தெளிவாக எழுதி வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுடைய இராணுவத்தில் சோல்ஜர்ஸ் மெடல் என்று எண்கோண வடிவத்தில் ஒரு பதக்கம், 1926இல் சட்டமாக்கியது. ஆயுதம் தாங்கிய எதிரியோடு மோதல் இல்லாத சூழலாக இருக்க வேண்டும், தனக்கு ஆபத்து என்று தெரிந்தே தானாக இறங்கியிருக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றினார் என்பதற்காக மட்டும் கொடுக்கப்படமாட்டாது என்று தனியாகவே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. கரையில் நின்று கயிறு எறிந்து பத்துப் பேரை இழுத்தவருக்கு அது கிடைக்காமல் போகலாம். பதக்கம் பார்ப்பது காப்பாற்றப்பட்டவர் எத்தனை பேர் என்பதை அல்ல, காப்பாற்றப் போனவர் எதை இழக்கத் தயாராக இருந்தார் என்பதை.

தெகிவளை_சுதா

இதில் ஒரு கேள்வி. ஆமிக்காரருக்கு மக்களைக் காப்பாற்றுவது கடமைதானே? அதற்குத்தான் சம்பளம். வைத்தியர் ஒருவர் சத்திரசிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினால் யாரும் பதக்கம் கொடுப்பதில்லை.

கொட்டாஞ்சேனை_குமார்

சுதா அக்கா, லீவில் நடந்து போனவருக்கு என்ன கடமை? அவருக்கு யாரும் கட்டளை போடவில்லை. தண்டவாளத்தில் நின்று போனில் வீடியோ எடுத்திருக்கலாம். அன்றைக்கு எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள், நம்மூர் தெரியாதா.

வெல்லம்பிட்டி_நானா

கடமையில் இருந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016 மே வெள்ளம். களனி கங்கைக்கு நாகலகம் வீதியில் ஒரு அளவுமானி இருக்கிறது, அதில் 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம் என்று கணக்கு. அந்த முறை தாண்டியது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க முங்கிவிட்டது.

உம்மும்மா (பாட்டி) படுத்த படுக்கை. ஆமிப் படகு வந்தது, ஆனால் எங்கள் சந்துக்குள் திரும்ப இடமில்லை. இரண்டு பையன்கள் இறங்கினார்கள். நெஞ்சளவு தண்ணீர், மலசலகூடக் குழிகளும் கானும் எல்லாம் கலந்த தண்ணீர். மேல்தளத்து அறைக் கதவைப் பிணைச்சலோடு கழற்றி, அதில் உம்மும்மாவைப் படுக்க வைத்து, மேலே பொலித்தீன் போட்டு, இரண்டு பேரும் கதவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சந்து முனைவரை நடந்தார்கள். முன்னால் போனவன் காலால் தடவித் தடவித்தான் அடியெடுத்து வைத்தான், கீழே கான் மூடி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நடுவில் எதையோ மிதித்துவிட்டான். நின்றான், ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப நடந்தான். படகில் ஏறியபிறகு பார்த்தால் சப்பாத்துக்குள் இரத்தம். உம்மும்மா அழத் தொடங்க, அவன் "பய வென்ன எப்பா ஆச்சி" (பயப்படாதீர்கள் பாட்டி) என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் படகைத் திருப்பச் சொன்னான்.

அந்த வெட்டுக்காயத்தோடு அந்தத் தண்ணீரில் அன்று முழுக்க நிற்பது என்றால் எலிக்காய்ச்சலுக்கு வாசலைத் திறந்து வைப்பதுதான். அவனுக்கு எந்தப் பதக்கமும் வந்திருக்காது. கட்டளைப்படி வந்த ஆயிரக்கணக்கானோரில் அவனும் ஒருவன். சுதா சொல்கிற கடமை என்ற சொல்லுக்குள் இதையும் போட்டுவிடலாம்தான். எனக்கு மனம் வரவில்லை.

வன்னிமகன்

எல்லாவற்றையும் வாசித்தேன். நான் உங்கள் அத்தான் பக்கம்.

நான் முல்லைத்தீவு. தொழிலுக்காகக் கொழும்பில் இருக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது எங்கள் பக்கம், சுண்டிக்குளத்துக்கு அருகே சாலைக் களப்பின் முகத்துவாரத்தை அகலமாக வெட்டிவிடப் போன இடத்தில் ஐந்து கடற்படையினர் இறந்தார்கள். களப்பு நிரம்பினால் உள்ளே இருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் ஏறும், அதற்காகத்தான் வெட்டப் போனார்கள். அம்மா செய்தி கேட்டுவிட்டு "ஆற்ற பிள்ளையளோ" என்று சொல்லி விளக்கு வைத்தார். எங்கள் வீட்டில் விளக்கு வைப்பது யாருக்காக என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில்தான் நேவிக்காரருக்கும் வைத்தார். ஆகவே எனக்கு மனிதாபிமானம் யாரும் படிப்பிக்க வேண்டாம்.

நான் சொல்வது வேறு. இப்படி ஒரு சம்பவம் நடந்தவுடன் அதை எடுத்துப் பதாகை கட்டுவார்கள். "தமிழ்ச் சிறுவனைக் காத்த இராணுவ வீரன்" என்று படம் போடுவார்கள். அந்தக் கடிதம் அவருடைய கோவைக்குள் மட்டும் இருக்காது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கி காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் உட்கார்ந்திருக்கிற தாய்மாருக்குப் பதிலாக இந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள். அத்தான் பயப்படுவது அந்த ஆமித் தம்பிக்கு அல்ல, அந்தப் படத்துக்கு.

தெகிவளை_சுதா

அப்படிப் பார்த்தால் யாருக்குமே நன்றி சொல்ல முடியாது. எல்லாவற்றையும் யாரோ ஒருவர் எடுத்து எதற்கோ பாவிக்கத்தான் போகிறார்கள்.

வன்னிமகன்

நன்றி சொல்ல வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சாப்பாடு போடுகிறேன் என்றுதானே அந்த மனிதர் சொல்கிறார். அதைவிடப் பெரிய நன்றி என்ன இருக்கிறது?

நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அரசியல் பேசலாம், தடையில்லை. எழுதியவரின் ஊரையும் பிறப்பையும் இழுக்க வேண்டாம்.

அலைக்காரன்

நான் உயிர்காப்புப் பயிற்சி எடுத்தவன் என்பதால் வேறு பக்கமாக வருகிறேன். கடலோரவாசி எழுதிய "பின்னாலிருந்து பிடித்து", "நேரே வராமல் சரிந்து நீந்தி" இந்த இரண்டிலேயே தெரிகிறது, அந்த மனிதர் வெறும் துணிச்சலில் பாயவில்லை. மூழ்குகிறவன் முன்னால் வருகிறவரைக் கட்டிப்பிடித்து அவர் தலைமேல் ஏறத்தான் பார்ப்பான். அது அவன் குற்றமல்ல, உடம்பு செய்கிற வேலை. காப்பாற்றப் போய் இறப்பவர்களில் பலர் அப்படித்தான் போகிறார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும், தகப்பன் மகன் இரண்டு பேரும் என்று செய்தி வருவதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளவத்தையில் மணல் குறைவு, கல்லணை அதிகம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் மோசம், மற்ற மாதங்களிலும் நம்பிவிட முடியாது. அலை உடையாமல் நடுவில் ஒரு துண்டு அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் "இங்கே நல்லது" என்று அதற்குள் இறங்குவார்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அதுதான். அகப்பட்டவர் கரையைப் பார்த்து நேராக நீந்தினால் களைத்து முடிந்துவிடுவார். கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியே வந்து, பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். அவர் தெகிவளைப் பக்கம் சரிந்தது அதற்குத்தான். தோளில் தோல் போனது கல்லுக்கும் பையனுக்கும் நடுவில் தன் உடம்பைக் கொடுத்ததால் இருக்கும். பையனுக்குக் கீறல் ஏதும் இருந்ததா?

கடலோரவாசி

ஒரு கீறலும் இல்லை அலைக்காரன் அண்ணா. இதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை.

பழைய_புத்தகக்காரன்

வன்னிமகன் சொன்னதை வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த சோல்ஜர்ஸ் மெடலின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. பொதுமக்களைக் காப்பாற்றியதுதான், ஆனால் கடலிலிருந்து அல்ல.

1968 மார்ச் 16, வியட்நாமில் மை லாய். அமெரிக்கப் படையினர் கிராமத்து மக்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹியூ தொம்சன் என்ற விமானி சின்ன ஹெலிகொப்டரில் மேலே பறக்கிறார், கூட இரண்டே இரண்டு பேர்: கிளென் அன்ட்ரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன். பதுங்குகுழிக்குள் ஒளிந்திருந்த மக்களுக்கும் அவர்களை நோக்கி வந்த தன் நாட்டுப் படையினருக்கும் நடுவில் தொம்சன் ஹெலிகொப்டரை இறக்கிவிட்டார். நம்மவர்கள் இந்த மக்களைச் சுட்டால் நீங்கள் நம்மவர்களைச் சுடுங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, தான் கீழே இறங்கி மக்களை வெளியே கூப்பிட்டார். வேறு ஹெலிகொப்டர்களை வரவழைத்து அவர்களை ஏற்றி அனுப்பினார். அப்புறம், பிணங்கள் கிடந்த வாய்க்காலில் ஏதோ அசைவதைக் கண்டு திரும்ப இறங்கினார்கள். அன்ட்ரியோட்டா அதற்குள் இறங்கி உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கிவந்தார். அதை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூன்று வாரத்தில் அன்ட்ரியோட்டா போரில் இறந்துபோனார்.

தொம்சனுக்கு முதலில் வேறொரு பதக்கம் கொடுத்தார்கள். கடும் துப்பாக்கிச் சமருக்கு நடுவிலிருந்து குழந்தையைக் காப்பாற்றினார் என்று அதில் எழுதியிருந்தது. சமரே நடக்கவில்லை. அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். 1998இல், முப்பது வருடம் கழித்து, மூவருக்கும் சோல்ஜர்ஸ் மெடல் கொடுத்தார்கள். எதிரியோடு மோதல் இல்லாத சூழலுக்கான பதக்கம். அதாவது அன்று அந்தக் கிராமத்தில் எதிரி யாரும் இருக்கவில்லை என்பதை அந்தப் பதக்கத்தைத் தெரிவு செய்ததன் மூலமே இராணுவம் எழுதிக் கொடுத்துவிட்டது. சத்தமில்லாமல் கொடுத்துவிடப் பார்த்தார்கள், தொம்சன் சம்மதிக்கவில்லை. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவிடத்தில், எல்லோருக்கும் முன்னால், தன்னோடு இருந்த இருவருக்கும் சேர்த்துத்தான் வேண்டும் என்று நின்றார்.

நான் சொல்ல வருவது, பதக்கத்தை விட அதோடு வருகிற வாசகம் முக்கியம். என்ன நடந்தது என்று யார் எழுதுகிறார்கள்? படத்துக்குப் பயந்து நாம் எழுதாமல் விட்டால், அந்த வாசகத்தை வேறு யாரோ தங்களுக்கு வேண்டியபடி எழுதுவார்கள்.

வன்னிமகன்

நல்ல கதை அண்ணை. மற்றப் பாதியையும் சொல்லுங்கள். மை லாய்க்காகக் குற்றவாளியானது ஒரே ஒருவர். ஆயுள்தண்டனை என்றார்கள், மூன்றரை வருட வீட்டுக்காவலோடு முடிந்தது. இங்கே மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் மரணதண்டனை பெற்ற சார்ஜன்ட் 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்துவிட்டார். பதக்கம் கொடுக்கிற கையும் மன்னிப்புக் கொடுக்கிற கையும் ஒன்றுதான். அந்தக் கைக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னால் ஒருவருக்கு மனம் கூசும். அதை நீங்கள் வாதாடி மாற்ற முடியாது.

ஆனால் வாசகம் பற்றிச் சொன்னது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நிலா_டீச்சர்

நான் இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். அரச அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதியே தலை நரைத்தவள் என்பதால் சொல்கிறேன்: நீங்கள் எல்லோரும் அத்தானை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? அவர் கடற்கரையில் நின்றாரா? அக்கா நின்றாரா? இல்லையே. கண்டது அந்தப் பையன்கள். இப்படியான சிபாரிசுக்கு வேண்டியது நேரில் கண்டவர்களின் வாக்குமூலம். பெற்றோரின் நன்றிக் கடிதம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதில் சாட்சியம் இல்லை.

பையன்களைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக்கூடாது. எந்த ஒழுங்கைக்கு நேரே, எத்தனை மணிக்கு, கடல் எப்படி இருந்தது, கரையிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு தூரம், அவர் என்ன செய்தார், என்ன காயம். மாவீரன், தெய்வம் போன்ற சொல் ஒன்றும் வேண்டாம். "தமிழ்ச் சிறுவன்", "சிங்கள வீரர்" இரண்டும் வேண்டாம், தேவையே இல்லை. வன்னிமகன் தம்பி பயப்படுகிற பதாகைக்கு அப்படிப்பட்ட கடிதம் உதவாது, அவ்வளவு வறட்சியாக இருக்கும். மருமகன் தன் பங்குக்கு நினைவிருப்பதை எழுதட்டும். பொலிஸ் பதிவின் விபரத்தையும் சேருங்கள்.

இன்னொன்று. அந்த மனிதரிடம் கேட்டீர்களா? லீவில் வந்தவர். தன் பெயர் மேலே போவது அவருக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள்.

கடலோரவாசி

டீச்சர், மிக்க நன்றி. அவரைப் போனில் கேட்டேன். சிரித்தார். பதக்கம் எல்லாம் வேண்டாம், ஆனால் எழுதுவதானால் எழுதுங்கள், அம்மாவுக்குக் காட்டலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். நண்டு வாங்குவதா இறைச்சி வாங்குவதா என்று அத்தான் காலையிலிருந்து அக்காவோடு வாக்குவாதம்.

பையன்கள் எழுதித் தந்துவிட்டார்கள். ஒருவன் எழுதியது: "அங்கிள் சப்பாத்தைக் கழற்றி, மணிக்கூட்டையும் போனையும் அதற்குள் வைத்து என் கையில் தந்து, சிங்களத்தில் 'பிடி' என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏன் நிற்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு ஓடிப்போய்ப் பாய்ந்தார்."

அலைக்காரன்

நின்றாரா! அந்த வரியை வெட்டிவிடாதீர்கள். இழுவை எந்தப் பக்கம் போகிறது, எங்கே கரையேறலாம் என்று பார்த்திருக்கிறார். ஆபத்து என்னவென்று தெரிந்துகொண்டுதான் இறங்கினார் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டாம்.

பழைய_புத்தகக்காரன்

அதேதான். தெரிந்தே, தானாக. விதியில் கேட்பது அந்த இரண்டும்தான்.

கொட்டாஞ்சேனை_குமார்

நான் கேட்க நினைத்தது, கல்கிசையில் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். வெள்ளவத்தையில் பின்னேரமானால் அவ்வளவு சனம் வந்து நிற்கிறது, கரையில் ஒரு கயிறாவது கிடக்கிறதா? அடுத்த முறை நீந்தத் தெரிந்த ஒருவர் அந்த வழியாக நடந்து வராவிட்டால்?

அலைக்காரன்

கயிறும் காற்றடித்த பழைய லொறி டியூப் ஒன்றும் போதும். நீந்தத் தெரியாதவர் தண்ணீரில் இறங்காமலே எறியலாம். தண்டவாளத்துக்குக் கடல் பக்கம் எதையும் நட ரயில்வேயிடம் கேட்க வேண்டிவரும். இந்தப் பக்கம் ஒழுங்கை முனையில் இருக்கிற வீடு அல்லது கடை யாராவது மதிலில் தொங்கவிடச் சம்மதித்தால் வேலை சுலபம்.

தெகிவளை_சுதா

எங்கள் உறவினரின் வீடு ஒன்று ஒழுங்கை முனையில்தான். கேட்டுப் பார்க்கிறேன். திருடு போகாதா?

வெல்லம்பிட்டி_நானா

டியூப் நான் தருகிறேன், பட்டறையில் கிடக்கிறது. திருடினால் இன்னொன்று தருகிறேன்.

வன்னிமகன்

கயிறு என் பொறுப்பு. புறக்கோட்டையில் தெரிந்த கடை இருக்கிறது. 30 மீற்றர் நைலோன் போதுமா?

அலைக்காரன்

போதாது, 50 வாங்குங்கள். நைலோன் வேண்டாம், நனைந்தால் தாழும். பொலிப்புரோப்பிலின் என்று கேளுங்கள், அது மிதக்கும். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறம்.